பாலம் எப்போது வெடிக்கும்?

போஸ்னியாவில் ஒரு பாலம். பியெலோ போல்யே என்ற ஊருக்குப் பக்கத்தில். அதன் அடியில் வெடிமருந்து கட்டி வைத்திருக்கிறார்கள். பின்வாங்குகிற படை, எதிரி வந்து சேர்வதற்குள் அதைத் தகர்த்துவிடும். எப்போது? அது யாருக்கும் தெரியாது. பத்து நிமிஷத்திலும் நடக்கலாம், சாயங்காலம்வரை இழுத்துக்கொண்டும் போகலாம்.

கொஞ்ச தூரத்தில் இரண்டு பேர் பதுங்கிக் கிடக்கிறார்கள். ஸ்பெயின் தொலைக்காட்சியின் ஆட்கள். ஒருவர் நிருபர், மற்றவர் கேமராக்காரர். ஓடிப்போக வேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது. கேமராக்காரர் நகர மறுக்கிறார். அவருக்கு ஒரே ஒரு ஆசை. எத்தனையோ யுத்தம் பார்த்தாகிவிட்டது, எத்தனையோ பிணங்களைப் படம் பிடித்தாகிவிட்டது. ஒரு பாலம் வெடித்துக் காற்றில் எழும்புகிற அந்த ஒரு கணம் மட்டும் இன்னும் சிக்கவில்லை. அது வேண்டும்.

அவ்வளவுதான் கதை. 'கோமாஞ்சே பிரதேசம்' என்று பெயர். 1994ல் ஸ்பானிஷில் வெளிவந்த சின்னஞ்சிறு நாவல். அதில் வருகிற கேமராக்காரர் மார்க்கேஸ் கற்பனை இல்லை. அதே பெயரில், அதே வேலையில் இருந்த நிஜ மனிதர். கூட இருக்கும் நிருபருக்கு மட்டும் பார்லேஸ் என்று புனைபெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தவர்தான் இந்த அத்தியாயத்தின் கதாநாயகர், ஆர்த்துரோ பெரெஸ் ரெவெர்த்தே.

தலைப்புக்கு ஒரு விளக்கம் சொல்லிவிடவேண்டும். பழைய கௌபாய் படங்களில் கோமாஞ்சே என்கிற அமெரிக்கப் பழங்குடியினரின் பகுதிக்குள் குதிரை நுழைந்ததும் பின்னணி இசை நின்றுவிடுமே, ஞாபகம் இருக்கிறதா? யுத்த நிருபர்கள் மத்தியில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். சாலையில் ஓர் ஆள் கிடையாது. வீடுகள் எரிந்து கிடக்கின்றன. எங்கும் சத்தமில்லை. யாரோ உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் முதுகுத் தண்டு சொல்கிறது. வண்டியைத் திருப்பு என்று உள்ளே ஒரு மணி அடிக்கிறது. அந்த இடம்தான் கோமாஞ்சே பிரதேசம். ரெவெர்த்தே அதில் இருபத்தோரு வருஷம் குப்பை கொட்டியவர்.

பிறந்தது 1951 நவம்பர் 25. ஊர் கார்த்தஹேனா. ஸ்பெயினின் தென்கிழக்குக் கரையில் ஒரு பழங்காலத் துறைமுகம். ஹன்னிபாலின் மைத்துனன் கட்டிய நகரம் அது, ரோமாபுரியை நடுங்க வைத்த அதே ஹன்னிபால்தான். பிற்பாடு ஸ்பானியக் கடற்படையின் தளம். இப்படியொரு ஊரில் பிறந்து, வீட்டில் நிறையப் புத்தகமும் இருந்துவிட்டால் பையன் என்ன ஆவான்? அலெக்சாந்தர் துமாவின் 'மூன்று துப்பாக்கி வீரர்'களைப் படித்துப் படித்துக் கிறுக்குப் பிடித்து, வெளியே போகவேண்டும் என்று துடிப்பான். துடித்தார். 1973ல் நிருபரானார்.

சேர்ந்த பத்திரிகையின் பெயர் 'புவெப்லோ'. மக்கள் என்று அர்த்தம். ஆனால் மக்களுக்கும் அதற்கும் சம்பந்தம் கொஞ்சம் தூரம்தான். சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசாங்கத் தொழிற்சங்க அமைப்பு நடத்திய தாள் அது. அங்கே அவர் கற்றது கொள்கையை அல்ல, தொழிலை. எப்படியாவது போ, எப்படியாவது பார், எப்படியாவது செய்தியை அனுப்பு. மறுநாளே முதல் பக்கத்தில் வரவேண்டும். அவ்வளவுதான் பாடத்திட்டம்.

1974, சைப்ரஸ். துருக்கிப் படை இறங்கியபோது அங்கே இருந்தார். 1975, மேற்கு சஹாரா. இது கொஞ்சம் முக்கியமான இடம். அப்போது அது ஸ்பெயினின் காலனி. மொராக்கோ மன்னர் ஹஸன் துப்பாக்கி எடுக்கவில்லை. மூன்றரை லட்சம் குடிமக்களைத் திரட்டி, கையில் கொடியும் குரானும் கொடுத்து, எல்லையைத் தாண்டி நடங்கள் என்று அனுப்பிவிட்டார். மாட்ரிட்டில் ஃபிராங்கோ சாகக் கிடக்கிறார். அரசாங்கத்துக்கு யுத்தம் செய்யத் தெம்பில்லை. நவம்பர் 14ல் ஓர் ஒப்பந்தம் போட்டு, நாட்டை மொராக்கோவுக்கும் மௌரிட்டானியாவுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பியது. ஆறே நாளில் ஃபிராங்கோவும் போய்ச் சேர்ந்தார். நேற்றுவரை ஸ்பானியச் சீருடை போட்டுக்கொண்டிருந்த சஹாரா மக்களுக்கு யாரும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இருபத்து மூணு வயசுப் பையன் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். விசுவாசமாக இருந்தவனைக் கைவிடுகிற தேசம் என்கிற விஷயம் பிற்பாடு அவருடைய நாவல்களில் திரும்பத் திரும்ப வரும். விதை விழுந்தது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1977, எரித்ரியா. எத்தியோப்பியாவிடமிருந்து விடுதலை கேட்டுப் போராடிய கெரில்லாக்களுடன் போனவர், காணாமல் போனார். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. பல மாதங்கள். செல்போன் கிடையாது, சாட்டிலைட் போன் கிடையாது. ஆள் காலி என்றே நினைத்திருக்கிறார்கள். கெரில்லாக்களின் தயவில் பிழைத்துத் திரும்பி வந்தார். வந்தவர் ஒழுங்காக உட்கார்ந்தாரா? ம்ஹும். லெபனான், எல் சால்வடார், நிகரகுவா, சாட், அங்கோலா என்று பட்டியல் நீளம்.

1984ல் புவெப்லோவை மூடிவிட்டார்கள். ஸ்பானிய அரசுத் தொலைக்காட்சிக்குப் போனார். அங்கே ஒன்பது வருஷம். ருமேனியப் புரட்சி, வளைகுடா யுத்தம், கடைசியில் யூகோஸ்லாவியா. நடுவில் வானொலியில் ஒரு நிகழ்ச்சி வேறு. திருடர்கள், விலைமாதர்கள், போதைக்கு அடிமையானவர்கள், ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள் எல்லாம் வந்து பேசுவார்கள். 'தெருவின் சட்டம்' என்று பெயர். அங்கே காதில் விழுந்த பாஷையை மனிதர் எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்தினார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதற்கிடையே எழுத ஆரம்பித்திருந்தார். 1986ல் முதல் நாவல், 'குதிரைப்படை வீரன்'. நெப்போலியனின் படையில் ஓர் இளைஞன். யுத்தம் என்றால் பளபளக்கும் வாள், வீரம், கௌரவம் என்று கனவு கண்டுகொண்டு ஸ்பெயினுக்கு வருகிறான். சேறும் ரத்தமும் குடலும்தான் யுத்தம் என்று கண்டுகொள்கிறான். 1988ல் 'வாள் பயிற்சி ஆசான்', 1990ல் ஓர் ஓவியத்துக்குள் மறைந்திருக்கும் செஸ் ஆட்டத்தை வைத்து ஒரு மர்மக் கதை, 1993ல் 'துமா கிளப்'. விற்றன. நன்றாகவே விற்றன. ஆனாலும் வேலையை விடவில்லை. ஒரு கை நாவல் எழுத, மறு கை மைக் பிடித்துக்கொண்டிருந்தது.

பிறகு 1991 வந்தது. குரோவேஷியாவில் வூகோவார் நகரம். எண்பத்தேழு நாள் முற்றுகை. நவம்பர் 18ம் தேதி விழுந்தது. மருத்துவமனையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் சுட்டுப் புதைத்தார்கள். அடுத்து போஸ்னியா. சரயேவோ முற்றுகை 1992 ஏப்ரலில் ஆரம்பித்து 1996 பிப்ரவரிவரை நீடித்தது. தண்ணீர் பிடிக்கப் போனவர்களையும் ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்களையும் மலை மேலிருந்து குறி பார்த்துச் சுட்டார்கள். தினமும் ராத்திரி செய்தியில் உலகம் பார்த்தது. பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனது.

இதுதான் மனிதரை உடைத்த இடம். ஆப்பிரிக்காவில் படுகொலை நடந்தபோது, செய்தி போய்ச் சேரவில்லை, அதனால்தான் யாரும் எதுவும் செய்யவில்லை என்று ஒரு நிருபர் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளலாம். சரயேவோவில் அந்தச் சாக்கும் இல்லை. எல்லாம் வண்ணத்தில், அன்றைக்கே, எல்லார் வீட்டுக்கும் போனது. ஒன்றும் நடக்கவில்லை. தவிர, தொலைக்காட்சிச் செய்திக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிஷம். நாற்றம் அதில் வராது. பயம் வராது. அரை மணி நேரம் முன்பு சிகரெட் வாங்கிக் குடித்தவன் இப்போது பிணமாகக் கிடப்பது வரும். அவன் சிகரெட் வாங்கிக் குடித்தது வராது.

'கோமாஞ்சே பிரதேசம்' அந்த ஒன்றரை நிமிஷத்தில் வராமல் போன மிச்சம். எழுதினார். 1994ல் ராஜினாமா கடிதத்தையும் எழுதினார். வயது நாற்பத்திரண்டு. அதற்குப் பிறகு எந்த யுத்தத்துக்கும் நிருபராகப் போகவில்லை.

சரி, வீட்டுக்கு வந்த யுத்த நிருபர் என்ன செய்வார்? பெண்ணின் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார்.

நிஜமாகவே அதுதான் நடந்தது. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகளின் சரித்திரப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். ஸ்பெயின் உலகத்தையே ஆட்டி வைத்த 17ம் நூற்றாண்டுக்கு அதில் கிடைத்த இடம் மிகவும் சொற்பம். ஓவியர் வெலாஸ்கேஸ் வாழ்ந்த காலம், செர்வான்டெஸ் 'டான் குயிக்ஸாட்' எழுதிய காலம். இதற்கு இவ்வளவுதானா என்று கொதித்துப்போனார். ஒரு காரணம் இருந்தது. ஃபிராங்கோ ஆட்சியில் அந்தப் பொற்காலத்தைப் பற்றி ஓயாமல் தம்பட்டம் அடித்து, பிள்ளைகளுக்கு அலுக்க அலுக்க ஊட்டியிருந்தார்கள். ஜனநாயகம் வந்ததும் அடுத்தவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு அந்தப் பக்கங்களைச் சுருக்கிவிட்டார்கள். ஒருவர் பொய் சொன்னார், மற்றவர் வாயை மூடிக்கொண்டார். மகளுக்கு எதைக் கொடுப்பது?

1996ல் 'கேப்டன் அலாத்ரிஸ்தே' வந்தது. அட்டையில் அப்பா பெயரோடு மகளின் பெயரும் இருந்தது.

தியேகோ அலாத்ரிஸ்தே கேப்டனே இல்லை. பட்டப்பெயர். ஃபிளாண்டர்ஸில் ஸ்பெயினுக்காகச் சண்டை போட்ட பழைய சிப்பாய். வேலை இல்லாத நாளில் மாட்ரிட்டில் கூலிக்கு வாள் சுழற்றிப் பிழைக்கிறார். நல்லவரா? சொல்ல முடியாது. வார்த்தை தவறாதவர், அவ்வளவுதான். முதல் கதை நடப்பது 1623. இரண்டு வெளிநாட்டுப் பயணிகளைத் தீர்த்துக்கட்டச் சொல்லி வேலை வருகிறது. இருட்டில் வாளை ஓங்கும்போது ஏதோ உறுத்துகிறது, நிறுத்திவிடுகிறார். அந்தப் பயணிகளில் ஒருவர் இங்கிலாந்தின் இளவரசர் சார்லஸ். ஸ்பானிய இளவரசியைப் பெண் பார்க்க மாறுவேஷத்தில் வந்திருக்கிறார். கப்சா என்று நினைக்காதீர்கள். இளவரசரும் பக்கிங்ஹாமும் ஸ்மித் என்று பெயர் வைத்துக்கொண்டு அந்த வருஷம் மாட்ரிட்டுக்கு வந்தது சரித்திரம். கல்யாணம் நடக்கவில்லை. பிற்காலத்தில் சொந்த நாட்டு நாடாளுமன்றத்தோடு மோதித் தலையைக் கொடுத்தாரே, அதே சார்லஸ்.

நான் படித்தது பி.காம். எனவே இந்தக் கதைகளில் வாள் சண்டையைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. அலாத்ரிஸ்தேயின் பாக்கெட்டில் எப்போதும் காசு இருக்காது. உலகத்திலேயே பெரிய பணக்கார ராஜாவின் சிப்பாய்க்குச் சம்பள பாக்கி! எப்படி? பொட்டோஸி மலையில் வெட்டிய வெள்ளி கப்பல் கப்பலாக செவியா நகருக்கு வந்து இறங்கும். இறங்குவதற்கு முன்பே அது ஜெனோவா வட்டிக்கடைக்காரர்களுக்குச் சொந்தம். வரப்போகிற வெள்ளியின் மேல் கடன், அந்தக் கடனை வைத்து யுத்தம், யுத்தத்துக்காக இன்னும் கடன். 1557, 1575, 1596, 1607, 1627. இதெல்லாம் ஸ்பானிய அரசு கையை விரித்த வருஷங்கள். பற்றும் வரவும் எழுதத் தெரிந்த ஒரு குமாஸ்தா போதும், இந்தப் பேரரசு எங்கே போய் முடியும் என்று சொல்லிவிடுவார்.

சம்பளம் வராத சிப்பாய் என்ன செய்வான்? 1572க்கும் 1607க்கும் நடுவில் ஃபிளாண்டர்ஸ் படையில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட கலகங்கள். 1576ல் ஆன்ட்வெர்ப் நகருக்குள் புகுந்து சூறையாடியே தீர்த்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் பிணம். ரெவெர்த்தே இதை மறைக்கவில்லை. அலாத்ரிஸ்தேயின் ஆட்கள் வீரர்கள், அதே சமயம் கொலைகாரர்கள், பாதி நாள் பட்டினி. அப்பாவி ஃபிளெமிஷ் குடியானவன் வீட்டைக் கொளுத்துகிறவர்களும் அவர்கள்தான். சரயேவோவைப் பார்த்துவிட்டு வந்தவரால் வேறு மாதிரி எழுதியிருக்க முடியாது.

மூன்றாவது புத்தகத்தில் ஒரு விளையாட்டு விளையாடியிருக்கிறார் பாருங்கள். 1625ல் பிரேடா கோட்டையை ஸ்பெயின் பிடித்தது. அதை வெலாஸ்கேஸ் பிரும்மாண்டமாக வரைந்தார். தோற்ற தளபதி சாவியை நீட்டுகிறார், ஜெயித்தவர் தோளைத் தட்டிக்கொடுக்கிறார், பின்னால் வரிசையாக ஈட்டிகள். இன்றைக்கும் மாட்ரிட் பிராடோ மியூசியத்தில் தொங்குகிறது. அலாத்ரிஸ்தேயின் கதையைச் சொல்லும் சீடன் இன்யீகோ, என் கேப்டன் அந்தப் படத்தில் இருக்கிறார் என்று சத்தியம் செய்கிறான். எங்கே தேடினாலும் ஆளைக் காணோம். படம் எந்தத் தளபதியுடையது என்று ஊருக்கே தெரியும். அந்த ஈட்டிகளைப் பிடித்திருந்தவர்கள் யார்? அதைச் சொல்லத்தான் எட்டு புத்தகம்.

புகழைப் பற்றி அதிகம் சொல்ல அவசியமில்லை. 'துமா கிளப்'பை வைத்து ரோமன் பொலான்ஸ்கி 1999ல் 'தி நைன்த் கேட்' எடுத்தார். ஜானி டெப் நடித்தார். கதையின் உயிரான துமா பகுதியை அப்படியே கழற்றி வீசிவிட்டுச் சாத்தானை மட்டும் வைத்துக்கொண்டார்கள். படத்தைப் பார்த்தவர்கள் நாவலையும் படித்துவிடுவது நல்லது. 2006ல் அலாத்ரிஸ்தேயாக விகோ மார்ட்டென்சன். 2002ல் வந்த 'தென்னாட்டு ராணி' மெக்ஸிகோ கடத்தல்காரியின் கதை. கடத்தல்காரர்களைப் பற்றிய நாட்டுப்பாடல் ஒன்றைக் கேட்டதில் பிறந்த நாவல். நாவல் வந்ததும், அந்தப் பாட்டைப் பிரபலமாக்கிய அதே கோஷ்டி நாவலின் நாயகிக்கும் ஒரு பாட்டுக் கட்டிவிட்டது. 2011ல் அது டிவி தொடரானது. கதாநாயகி கேட் தெல் காஸ்தியோ. அவரைப் பார்த்தே தீரவேண்டும் என்று ஒளிந்திருந்த இடத்துக்கு வரவழைத்தவர் யார் தெரியுமா? நிஜக் கடத்தல் மன்னன் எல் சாப்போ. 2015 அக்டோபரில் சந்திப்பு. 2016 ஜனவரியில் ஆள் அகப்பட்டுவிட்டார்.

2003ல் ஸ்பானிய ராயல் அகாடமி அவரை உறுப்பினராக்கியது. 1713ல் தொடங்கிய அமைப்பு. அகராதியும் இலக்கணமும் அவர்கள் சொன்னதுதான். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஓர் எழுத்து. இவருக்கு டி. முதல் நாள் ஏற்புரையில் எல்லோரும் ஏதாவது மகாகவியைப் பற்றி வாசிப்பார்கள். இவர் எடுத்துக்கொண்டது 17ம் நூற்றாண்டு ரௌடிகளின் கொச்சை பாஷை! வானொலியில் திருடர்களோடு உட்கார்ந்து பேசிய பழக்கம்.

அகாடமிக்குப் போய் நாற்காலியைத் தேய்க்கவில்லை. நூலகத்தில் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் இருப்பதைப் பார்த்தார். திதரோ கூட்டம் போட்டது, இருபத்தெட்டு தொகுதி. ஸ்பெயினில் மத விசாரணை மன்றம் தடை செய்த புத்தகம் ராஜாவின் அகாடமிக்குள் எப்படி வந்தது? தோண்டினார். 2015ல் 'நல்லவர்கள்' என்ற நாவல். இரண்டு வயதான உறுப்பினர்கள், ஒருவர் பக்திமான், மற்றவர் பகுத்தறிவுக்காரர். வண்டி கட்டிக்கொண்டு பாரிஸுக்குப் போய் அதைத் தூக்கி வருகிறார்கள். அவர் எழுதியதிலேயே இதமான புத்தகம் என்பேன்.

ஆனால் எனக்கு மறக்க முடியாதது 2006ல் வந்த 'யுத்தங்களின் ஓவியன்'. ஃபால்க் என்கிற யுத்தப் புகைப்படக்காரர், தொழிலை விட்டுவிட்டு, மத்தியதரைக் கடலோரம் ஒரு பழைய கோபுரத்தில் தனியாக இருக்கிறார். உள்சுவர் முழுக்க ஒரே ஒரு யுத்தத்தை வரைந்துகொண்டிருக்கிறார். எந்தப் போட்டோவிலும் பிடிபடாததைத் தூரிகையில் பிடித்துவிடலாம் என்று ஒரு வெறி. ஒரு நாள் வாசலில் அந்நியன் ஒருவன். குரோவேஷியப் படையில் சாதாரணச் சிப்பாயாக இருந்தவன். பின்வாங்கி நடந்துகொண்டிருந்தபோது ஃபால்க் ஒரு விநாடியில் அவனைச் சொடுக்கினார். அந்த முகம் பத்திரிகை அட்டைகளில் வந்தது. பரிசு வாங்கியது. அந்த முகத்தை எதிரிகளும் பார்த்தார்கள். அடையாளம் தெரிந்தது. அவன் மனைவியையும் பிள்ளையையும் கொன்றுவிட்டார்கள். பத்து வருஷம் தேடி வந்திருக்கிறான். உங்களைக் கொல்லப் போகிறேன், அதற்கு முன்னால் சில விஷயம் புரிந்துகொள்ள வேண்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறான்.

மிச்சம் முழுக்கப் பேச்சு. ஃபால்க்குக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. உடன் வந்த காதலி கண்ணிவெடியில் செத்துக் கிடந்தபோது அவர் கை தானாகக் கேமராவைத் தூக்கியது. படம் எடுத்தார். முடிவை நான் சொல்லமாட்டேன். பத்திரிகையில் இருக்கிறவர்கள் இந்தப் புத்தகத்தை ராத்திரி படிக்காமல் இருப்பது நல்லது. நாம் எழுதின செய்தியில் வந்த முகங்கள் எல்லாம் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

விமர்சனங்கள் இல்லாமல் இல்லை. 1990களின் ஆரம்பத்திலிருந்து ஒரு வார இதழில் பத்தி எழுதுகிறார். தலைப்பு, 'கடற்கொள்ளை உரிமம்'. எதிரிக் கப்பலைக் கொள்ளையடிக்க ராஜா கொடுக்கும் அனுமதிச் சீட்டு. அந்தச் சீட்டை அவர் தாராளமாகவே பயன்படுத்தியிருக்கிறார். திட்டாத ஆளில்லை. வலதுசாரிகளுக்கும் பிடிக்காது, இடதுசாரிகளுக்கும் பிடிக்காது. 2020ல் எப்ரோ நதி யுத்தத்தை வைத்து 'துப்பாக்கிச் சூட்டுக் கோடு' எழுதினார். 1938, உள்நாட்டு யுத்தத்தின் மிகப் பெரிய மோதல். இரு பக்கச் சிப்பாய்களையும் ஒரே பரிவோடு காட்டியதற்கு, ஃபிராங்கோவின் ஆளையும் குடியரசுக்காரனையும் ஒரே தராசில் வைப்பதா என்று சண்டைக்கு வந்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பதுங்கு குழியில் கிடக்கிற பதினெட்டு வயசுப் பையனுக்கு அரசியல் தெரியாது என்பது உண்மை. அவனை அங்கே அனுப்பியவர்களுக்குத் தெரியுமே.

2011ல் ஏழாவது அலாத்ரிஸ்தே புத்தகம் வந்தது. பிறகு பதினாலு வருஷம் மௌனம். 2025ல் எட்டாவது, 'பாரிஸில் ஒரு பணி'. அலாத்ரிஸ்தே எங்கே சாவார் என்பது வாசகர்களுக்கு ஏற்கெனவே தெரியும். இன்யீகோ எப்போதோ உளறிவிட்டான். ரொக்ருவா. 1643 மே 19. இருபத்தோரு வயசு பிரெஞ்சுத் தளபதி ஒருவனிடம் ஸ்பானியக் காலாட்படை உடைந்த இடம். கடைசிச் சதுரங்கள் கலையாமல் நின்று பீரங்கிக் குண்டுகளை வாங்கிக்கொண்டன. அந்த வருஷத்தைத் தொடும் புத்தகம் இன்னும் வரவில்லை. எட்டாவது கதை நடப்பது 1628ல். ரெவெர்த்தேவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கேப்டனுக்கு இன்னும் பதினைந்து வருஷம் பாக்கி இருக்கிறது.